மாத்திரையை எண்ணுகிறோம், வலியைக் கேட்கிறோமா?

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய்வருகிறவர்களுக்கு மருந்து வாங்கும் அந்த மேசை நன்றாகத் தெரியும். போன தடவை வாங்கிய டப்பாவைக் கையோடு கொண்டுவர வேண்டும். மருந்தாளுநர் மூடியைத் திறந்து மிச்ச மாத்திரைகளை எண்ணுவார். வாங்கி எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை மிஞ்சியிருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று சின்னக் கணக்கு. சரியாக வந்தால் நோயாளியின் பச்சைப் பதிவுப் புத்தகத்தில் பதிந்துவிட்டு அடுத்த டப்பாவை நீட்டுவார். வராவிட்டால் கவுன்சலரைப் பார்க்கச் சொல்வார்.

"ஏண்ணே, மூணு மாத்திரை கூடுதலா இருக்கே?"

"மறந்துபோச்சும்மா."

பல சமயம் பேச்சு இத்தோடு முடிந்துவிடும். வெளியே காத்திருக்கும் கூட்டம் அப்படி.

அவர் பொய் சொல்லவில்லை, மறந்துதான் போயிருப்பார். ஆனால் ராத்திரி முழுக்கக் கால் எரிச்சலில் புரண்டுகொண்டிருந்தவருக்கு மறுநாள் எதுதான் நினைவில் நிற்கும்? எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களில் தீராத வலியோடு நாள் ஓட்டுபவர்கள் மிக அதிகம். அவர்களிடையே புகைப்பழக்கமும் பொதுமக்களிடம் இருப்பதைவிட அதிகம் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போது மாத்திரைக் கணக்கு என்ன ஆகிறது என்பதைச் சில வருடங்களாகவே ஆராய்ச்சியாளர்கள், பெரும்பாலும் அமெரிக்காவில், தோண்டித் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நம் மையங்களின் நடைமுறையோடு வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: வலியைக் கவனிக்காமல் பீடியை விடச் சொல்வதும் மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்வதும் பெரிய பலன் தராது. வலியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். '95 சதவீதம்' என்று மையங்களில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணுக்கு வலு சேர்த்தது 2000-ல் அமெரிக்காவில் டேவிட் பேட்டர்சன் குழு வெளியிட்ட ஆய்வு. டப்பா மூடிக்குள் ஒரு மின்னணுச் சில்லு வைத்து, எப்போதெல்லாம் திறக்கப்பட்டது என்று பதிவு செய்தார்கள். 95 சதவீதமோ அதற்கு மேலோ மாத்திரை எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு வைரஸ் கட்டுப்படவில்லை. 80 முதல் 95-க்குள் எடுத்தவர்களில் அது 61 சதவீதம். 80-க்கும் கீழே போனவர்களில் 80 சதவீதம். 30 நாளுக்கு 30 மாத்திரை என்றால் ஒன்று விட்டுப்போனால் 96.7 சதவீதம், தப்பித்துக்கொள்ளலாம். இரண்டு விட்டால் 93.3. எல்லைக்கு வெளியே வந்தாயிற்று.

இது பழைய மருந்துகளை வைத்துச் சொன்னது. இப்போது நம் தேசியத் திட்டத்தில் பெரும்பாலோருக்குத் தரும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை கொஞ்சம் பொறுமைசாலி. டோலுடெக்ராவிரை எதிர்த்துத் தாக்குப்பிடிக்கும்படி வைரஸ் மாறிக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை. ஒன்றிரண்டு நாள் தவறினாலும் பழைய மருந்துகள் அளவுக்குக் காலை வாராது. அதற்காக விட்டுவிட்டுப் போடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கவனிக்க வேண்டியவர் மாதத்துக்கு ஒருமுறை தவறுகிறவர் இல்லை, வலி கூடும் வாரமெல்லாம் மொத்தமாகத் தவறுகிறவர்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, என்ன வலி அது?

அமெரிக்காவின் எச்.ஐ.வி. மருத்துவச் சங்கம் 2017-ல் நாள்பட்ட வலிக்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டது. எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களில் 39 முதல் 85 சதவீதம் வரை நாள்பட்ட வலி இருப்பதாக அதில் சொல்கிறார்கள். யாரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து எண் இவ்வளவு ஏறி இறங்குகிறது. குறைந்தபட்சத்தை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் இருவர். முதுகுவலி, மூட்டுவலி, தலைவலி என்று எல்லோருக்கும் வருவதும் இதில் உண்டு. எச்.ஐ.வி.க்கே உரிய வலி என்றால் அது நரம்பு சார்ந்தது. கால் விரல் நுனியில் மதமதப்பாகத் தொடங்கும். சாக்ஸ் போட்ட மாதிரி இரண்டு காலிலும் ஒரே அளவில் மெல்ல மேலே ஏறும். பகலில் வேலை மும்முரத்தில் தெரியாது. படுத்தால் எரிச்சல், குத்தல், ஊசி ஏறுகிற உணர்வு. போர்வை பட்டாலே தாங்காது என்பார்கள். அதே காலில் செருப்பு நழுவிப் போனதுகூடத் தெரியாமல் நாலடி நடந்திருப்பார்கள்.

இந்த நரம்பு வலிக்கு வைரஸ் ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒரு காலத்தில் நாம் கொடுத்த மாத்திரையேதான். இந்த வரலாறு தெரிந்தால்தான் பழைய நோயாளிகளின் மனசு புரியும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த ரத்தப் பரிசோதனைகளில் அது வெளிப்பட்டது. கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க அதன்பின் 18 வருடங்கள் ஆயின. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டிலேயே எட்டு மருத்துவமனைகளில் தொடங்கினார்கள். அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம். காசநோய்க்காக 1928-ல் எழுந்த அந்த வளாகம் 90-களில் இருந்தே எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது; வேறு ஆஸ்பத்திரிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது.

அன்று கொடுத்த கூட்டு மருந்துகளில் முக்கியமான ஒன்று ஸ்டாவுடின். விலை குறைவு. 2001-ல் சிப்லா நிறுவனம் ஒரு நாள் சிகிச்சையை ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறோம் என்று அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த கூட்டு மாத்திரையிலும் ஸ்டாவுடின்தான் இருந்தது. லட்சக்கணக்கான உயிர்களை அது காப்பாற்றியது. கூடவே பலருக்கு நரம்பு நுனிகளைப் பழுதாக்கியது. கன்னத்துக் கொழுப்பை வற்றவைத்து முகத்தை ஒடுங்கவும் செய்தது. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. நம் நாட்டிலும் அது போய்விட்டது. ஆனால் அதனால் வந்த கால் எரிச்சல் எல்லோருக்கும் போகவில்லை. பழுதான நரம்பு முழுதாகத் திரும்புவது அரிது.

ஆக, 2004-க்கும் 2010-க்கும் இடையில் சிகிச்சை தொடங்கிய ஒருவர் "இந்த மாத்திரையாலதான் கால் எரியுது" என்று சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளக்கூடாது. அவருடைய விஷயத்தில் அது நடந்தேயிருக்கலாம். இப்போதைய மாத்திரை வேறு, அதில் அந்தத் தொல்லை இல்லை என்று யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் சரி. இல்லையென்றால் வலி கூடும்போதெல்லாம் அவர் கை தானாக மாத்திரையை ஒதுக்கும். வேறு வழிகளிலும் இதே எரிச்சல் வரும். காசநோய்க்கும் அதன் தடுப்புக்கும் தரும் ஐசோனியசிட் நரம்பைத் தொடும்; அதனால்தான் கூடவே பி6 வைட்டமின் தருகிறார்கள். சர்க்கரை நோய், குடி, பி12 குறைவு எல்லாம் அதே காலில் அதே இடத்தில்தான் எரிச்சலைக் கொண்டுவரும். நம்மூரில் கால் எரிச்சல் என்றதும் 'சுகர் பாத்தீங்களா' என்று கேட்கும் வழக்கம் ஒரு வகையில் நல்லதுதான். எச்.ஐ.வி. உள்ளவருக்கும் அதைப் பார்க்க வேண்டும்.

இப்போது பீடிக்கு வருவோம். சிகரெட் என்று எழுதுவதே வழக்கம் என்றாலும் இந்தியாவில் அதைவிடப் பெரிய கூட்டம் பீடிக்குத்தான். 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடி, 4 சதவீதம் பேர் சிகரெட். ஆண்களில் 19 சதவீதம் பேர் ஏதோ ஒன்றைப் புகைக்கிறார்கள். பெண்களில் 2 சதவீதம்.

வலியில் இருப்பவர் ஒரு தம் இழுத்ததும் கொஞ்சம் ஆசுவாசமாக இருக்கிறது என்றால் அது வெறும் மனப்பிரமை கிடையாது. நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய், வலிச் செய்திகளை அடக்கும் பாதைகளைத் தூண்டிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் அளந்தாலும் அந்த நேரத்தில் வலி தாங்கும் சக்தி கொஞ்சம் கூடுகிறது. பிரச்சினை அப்புறம்தான். ரத்தத்தில் நிகோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அது இறங்க இறங்க, பழகிப்போன உடம்பு முன்னைவிட அதிகமாக வலியை உணரும். மறுபடியும் ஒன்று பற்றவைத்தால் அடங்கும். பீடி தணிக்கும் வலியில் ஒரு பங்கு பீடி இல்லாததால் வந்த வலி என்பது, உள்ளே இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

2008-ல் ஜோசப் டிட்ரே, தாமஸ் பிராண்டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை நேரடியாகவே சோதித்தார்கள். புகைபிடிப்பவர்களில் ஒரு பகுதியினரின் கையை உறையவைக்கும் குளிர்நீரில் முக்கி வலி உண்டாக்கினார்கள். வலி கண்டவர்களுக்குப் புகைக்கும் உந்துதல் கூடியது. மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவும் பற்றவைத்தார்கள். புகை வலியை வளர்க்கிறது, வலி புகையைக் கூப்பிடுகிறது என்று டிட்ரே பின்னாளில் விரித்துச் சொன்னதற்கு இதுதான் அடித்தளம்.

எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இந்தச் சுற்று இன்னும் வேகமாகச் சுழலக்கூடும். அவர்களுடைய உடம்பு நிகோடினை மற்றவர்களைவிட விரைவாக உடைத்துத் தள்ளுகிறது என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா அஷேர் குழு 2019-ல் காட்டியது. பல வருடம் இங்கே பரவலாகக் கொடுக்கப்பட்ட எஃபாவிரென்ஸ் போன்ற மருந்துகள் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடுவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நிகோடின் சீக்கிரம் தீர்ந்தால் அடுத்த பீடிக்கான தேடலும் சீக்கிரம் வரும்.

இதற்கு மேல் புகை தானாகவே உண்டாக்கும் வலிகள் தனி. முதுகெலும்பு வட்டுகளுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. இடுப்பெலும்பின் பந்து முனை ரத்தம் இல்லாமல் செத்துப்போகும் கோளாறு எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. புகையும் குடியும் சேர்ந்தால் ஆபத்து ஏறுகிறது. இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வலி என்று வருகிறவரை 'வாயு' என்று அனுப்பிவைப்பதற்கு முன் ஒரு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ., எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஆயுள் கணக்கையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை இலவசமாகவும் ஒழுங்காகவும் கிடைக்கிற டென்மார்க்கில் 2013-ல் வெளியான ஆய்வில், 35 வயதில் எச்.ஐ.வி.யுடன் புகைபிடிக்கும் ஒருவர் புகையால் இழக்கும் ஆயுள் 12.3 வருடம், எச்.ஐ.வி.யால் இழப்பது 5.1 வருடம். காசநோய் நிறைந்த நம் நாட்டில் அதே எண் பொருந்தும் என்று சொல்ல முடியாது. காசநோயும் புகையும் ஒன்றையொன்று எப்படி மோசமாக்கும் என்று தெரிந்தவர்கள், இங்கே நிலைமை லேசாக இருக்கும் என்று எதிர்பார்க்க மாட்டார்கள்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். புகைபிடிப்பவர்கள் மாத்திரையை அதிகம் தவறவிடுகிறார்களா? நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஜொனாதன் ஷுட்டர், ஸ்டீவன் பெர்ன்ஸ்டீன் இருவரும் மின்னணு மூடி வைத்து ஆராய்ந்து 2008-ல் சொன்ன பதில், ஆம். மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும் புகைப்பழக்கம் தனியாக நின்றது. சின்ன ஆய்வுதான், ஆனால் பின்னால் வந்த பல ஆய்வுகளும் அதே திசையில் கைகாட்டின. நிகோடின் போய் மாத்திரையை மறக்கவைக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மனச்சோர்வு, குடி, வறுமை, தனிமை எல்லாம் புகையோடு கூட்டாகவே வருகிறவை. எது எதை இழுத்துக்கொண்டு வந்தது என்று பிரிப்பது கடினம்.

வலி விஷயத்தில் முடிவுகள் இன்னும் குழப்பம். வலி அதிகமுள்ளவர்கள் மாத்திரையைத் தவறவிடுகிறார்கள் என்று சில ஆய்வுகள். சம்பந்தமே தெரியவில்லை என்று சில. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வலி ஒருவரை மருத்துவமனைக்கு அடிக்கடி வரவைக்கும், வந்தால் மருந்தும் வாங்குவார். அதே வலி இன்னொருவரைப் பாயோடு போட்டுவிடும், பஸ் ஏறி மையத்துக்கு வரவே முடியாது. இருவரையும் ஒரே பட்டியலில் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒன்றுமே இல்லை என்றுதான் வரும். அதனால் சராசரியைவிட ஒரு ஆளின் ஒரு நாளைப் பார்ப்பது உதவும்.

நாமக்கல் பக்கம் ஒரு லாரி டிரைவர் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் மையங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்நியமாகத் தெரிய மாட்டார். 15 வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். காலில் பழைய எரிச்சல், முதுகில் ஸ்டியரிங் பிடித்த வலி. லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப இரண்டு வாரம். கிளீனர் பையனுக்கு விஷயம் தெரியாது, அதனால் டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு சத்து மாத்திரை என்று சொல்லிவைத்திருக்கிறார். ராத்திரி கண் சொருகாமல் இருக்கவும் முதுகைச் சமாளிக்கவும் பீடி. விடிகாலை தாபாவில் வண்டியை ஓரங்கட்டி, பக்கத்து மெடிக்கலில் வலிக்கு ஒன்று, அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க கேஸுக்கு ஒன்று. சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். 'ஏற்கெனவே ரெண்டு மாத்திரை போட்டாச்சு, இதையும் போட்டா சூடு' என்று டப்பா அன்றைக்குத் திறக்கப்படுவதில்லை. வலி மாத்திரை அரை மணியில் பலன் காட்டுகிறது. பீடி அரை நிமிடத்தில் காட்டுகிறது. வைரஸ் மாத்திரை போட்டாலும் ஒன்றும் தெரியாது, போடாவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. உடம்பு எதைக் கேட்கும்?

அந்த மெடிக்கல் கடையில் வாங்கியதைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் பலரும் பேசாமல் விடுவது அதைத்தான்.

கேஸ், அசிடிட்டி என்று வாங்கும் ஜெலுசில், டைஜீன் வகைகளில் அலுமினியம், மெக்னீசியம் உப்புகள் இருக்கின்றன. அவை குடலில் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் உடம்புக்குக் கிடைக்கும் டோலுடெக்ராவிர் நான்கில் ஒரு பங்காகக் குறையலாம். அதனால்தான் மாத்திரையை ஆன்டாசிடுக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் பின்னாலோ போட வேண்டும் என்கிறார்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இந்த இடைவெளி பொருந்தும். அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் மட்டும் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். டிரைவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கேஸ் மருந்தோடு சேர்த்துப் போட்டிருந்தால்? மேசையில் கணக்கு நூற்றுக்கு நூறு வரும், ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடு மட்டும் ஏறி நிற்கும். மாத்திரை எண்ணிக்கை காட்டாத தவறு இது.

வலிக்கு வாங்கிய டைக்லோஃபெனாக் வகை மாத்திரையின் கதை வேறு. டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. அதைச் சாப்பிடுகிறவர் டைக்லோஃபெனாக்கை நாள்கணக்கில், பெரிய அளவில் எடுத்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாக வாய்ப்பு உண்டு. அப்படி நேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டுகிறவருக்கு ஆபத்து கூடுதல். எப்போதாவது ஒன்று போட்டதற்காகப் பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் போடுகிறவர் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் சொல்லி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் மருந்து பலிக்காதபோது மாற்றித் தரும் இரண்டாம் வரிசை மருந்தில் இருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதில் சேரும் ரிடோனாவிர் வேறு பல மருந்துகள் கல்லீரலில் உடைவதைத் தடுத்து, ரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும். முட்டிவலிக்கும் முதுகுவலிக்கும் மூட்டில் போடும் டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி ஒன்றே ஒன்று போதும், முகம் உப்பி, சர்க்கரை எகிறி, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டே நின்றுபோக. ஒற்றைத் தலைவலிக்கான எர்காட் வகை மாத்திரையும் ரிடோனாவிரோடு சேரவே கூடாது. கை கால் ரத்தக்குழாய்கள் சுருங்கி விரல்கள் அழுகும் அளவுக்குப் போகலாம். நரம்பு வலிக்குச் சிலர் எழுதித்தரும் கார்பமசெபின் எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும், அதனால் டோலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு வேளையாக மாற்ற வேண்டிவரும்.

இதையெல்லாம் எலும்பு மருத்துவரிடம் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்ல வேண்டும். அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு சிகிச்சை மறுப்பதைத் தடைசெய்யும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருக்கிறது என்பதற்காக ஒருவர் உடனே வாயைத் திறந்துவிடுவதில்லை. குறைந்தபட்சம் சாப்பிடும் மருந்துகளின் பெயரையாவது ஒரு சீட்டில் எழுதிக் காட்டலாம், அல்லது வலி மருந்தின் பெயரை ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கொண்டுவந்து காட்டலாம். இரண்டாவது வழி சுலபம். அதற்கு மையத்தில் யாராவது கேட்க வேண்டும்.

கேட்பதற்குப் பெரிய படிவம் எதுவும் வேண்டாம். நான் முன்னால் சொன்ன அமெரிக்க வழிகாட்டி இரண்டு கேள்விகளோடு தொடங்கச் சொல்கிறது: போன வாரம் உடம்பில் எவ்வளவு வலி இருந்தது? மூன்று மாதத்துக்கு மேலாக நீடிக்கும் வலி ஏதாவது உண்டா? நம்மூருக்கு நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பேன்: அதற்கு என்ன போடுகிறீர்கள்? மாத்திரை, தைலம், ஊசி, குடி, பீடி, எது வேண்டுமானாலும் பதிலாக வரட்டும் என்று முகம் சுளிக்காமல் கேட்டால் ஒரு நிமிடத்தில் நிறையத் தெரிந்துவிடும்.

கேட்ட பிறகு செய்வதற்கு என்ன இருக்கிறது என்றால், இருக்கிறது, ஆனால் அதிசயங்கள் இல்லை. எச்.ஐ.வி. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 1998-லேயே ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. பிரகாபலினும் இந்தக் குறிப்பிட்ட வலியில் சோதனையில் தேறவில்லை. வழிகாட்டி முதலில் சொல்வது காபாபென்டின். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை 8 சதவீதம் சேர்த்த பட்டையைப் பாதத்தில் 30 நிமிடம் ஒட்டி எடுத்தால் சிலருக்கு மூன்று மாதம் வரை எரிச்சல் குறைகிறது. வலியைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் பயிற்சியை அந்த வழிகாட்டி உறுதியாகப் பரிந்துரைக்கிறது. முதுகு, கழுத்து வலிக்கு யோகாவும் அதில் இடம்பெற்றிருக்கிறது. அபின் வகை மருந்துகளை முதல் வழியாகக் கொள்ள வேண்டாம் என்கிறது. இவற்றோடு பி12, சர்க்கரை, குடி ஆகிய மூன்றையும் சரிபார்த்தால் கணிசமானவர்களுக்கு ராத்திரித் தூக்கமாவது திரும்பும். தூக்கம் திரும்பினாலே காலை மாத்திரை நினைவுக்கு வரும் வாய்ப்பு கூடும்.

பீடியை நிறுத்துவதில் பலர் பயப்படுவது, நிறுத்தினால் வலி கூடிவிடும் என்பதற்கு. முதல் சில வாரங்களைப் பொறுத்தவரை அந்தப் பயம் நியாயமானது. நிகோடின் இறங்கும்போது வலி கூடுதலாகத் தெரியும் என்று முன்பே பார்த்தோம். அதைச் சொல்லாமல் 'விட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று பேசினால், மூன்றாம் நாள் முதுகு கடுக்கும்போது அவர் நம்மை நம்ப மாட்டார். அதைத் தாண்டியவர்களின் நிலை வேறு. முதுகெலும்புக் கோளாறு உள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்காவில் தொடர்ந்து பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக் காலத்தில் புகையை விட்டவர்களுக்குத் தொடர்ந்து புகைத்தவர்களைவிட வலி அதிகம் குறைந்திருந்தது. விட்டதால்தான் குறைந்ததா, வலி குறைந்ததால் விட முடிந்ததா என்று அந்த ஆய்வை வைத்து அறுதியிட முடியாது. விட்டவர்களுக்கு வலி கூடிப்போகவில்லை என்பது மட்டும் தெளிவு.

மருந்து உதவியும் உண்டு. நிகோடின் சூயிங்கத்தில் 2 மில்லிகிராம் அளவு மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். வெரினிக்லின் என்ற மாத்திரை பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால் எச்.ஐ.வி. மருந்துகளோடு பெரிதாக மோதுவதில்லை. மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். எச்.ஐ.வி. உள்ள புகைப்பவர்களிடமே பிரான்சில் அதைச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். 48 வாரம் வரை தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள் வெரினிக்லின் எடுத்தவர்களில் 15 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 6 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல் என்று சந்தோஷப்படலாம். நூற்றில் 85 பேர் மருந்து தந்தும் அத்தனை நாள் விடாமல் தாக்குப்பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரே முயற்சியில் விட முடியாதவரைத் திட்டி அனுப்பினால், அவர் அடுத்த முறை மையத்துக்கே வரத் தயங்குவார். தேசிய இலவச ஆலோசனை எண் 1800-11-2356. அங்கே பேசுகிறவர்களிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நடைமுறைச் சங்கதி ஒன்று பாக்கி இருக்கிறது. காலையில் முதல் பீடியை மறக்கிறவர் யாரும் கிடையாது. பீடிக்கட்டு இருக்கும் இடத்தில் மாத்திரை டப்பாவையும் வைத்துக்கொள், பற்றவைப்பதற்கு முன் மாத்திரை என்று ஒரு கவுன்சலர் சொன்னால் கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். இன்னும் விடத் தயாராகாத ஒருவருக்கு அது மோசமான யோசனை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் பீடியை விடத் தீர்மானிக்கிற நாளில் அந்த நினைவூட்டலும் சேர்ந்தே போய்விடும். அதனால் பீடியை விடக் குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையைப் பல் துலக்குவதோடோ, காலை டீயோடோ, செல்போன் அலாரத்தோடோ சேர்த்துவிட வேண்டும். டீயோடு சேர்த்தால் பக்கத்தில் டைஜீன் இருக்கக் கூடாது.